விரைவும் வளைவும்

உறைபனியை யாம் கண்ணாற் கண்டதில்லை. மார்கழி வைகறையில் விளையாட்டு வெளியின் புல்நுனியில் நிற்கும் துளியையே பனி என்று வழங்கும் நாட்டிற் பிறந்தவர் யாம். அங்ஙனமாகவும், ஆல்ப்ஸ் மலைச் சரிவில் நீண்ட கட்டைகளைக் காலிற் பிணித்துக்கொண்டு இறங்கும் ஸ்கீப் பந்தயத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். "தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர்க்கு வேறு பொருள் கிடைத்திலதோ?" என்று இம்மலரின் மாணவ ஆசிரியர் நகைத்து வினவினார். வேறு பொருள் பல உள. ஆயினும் இப்பொருள் தானே எம்மைத் தேடி வந்தது. வந்த வழியை முதற்கண் கூறுவோம்.

சென்ற ஆண்டு, சென்னை மாகாணத்திற்கு வந்து ஊழியஞ் செய்த மேனாட்டுத் தொண்டர்களைப் பற்றிக் குறிப்பெடுக்குமாறு எம் ஆசிரியர் பணித்தார். போப், கால்டுவெல் முதலிய பெரியோர்க்கு ஏடு நிறையக் குறிப்புண்டு. அவர்களை விடுத்து அறியப்படாதார் சிலரைத் தேடுகையில், ஹென்றி லன் என்னும் பெயரைக் கண்டோம். மெதடிஸ்து சபைப் போதகரும் மருத்துவருமாகிய அவர், இந்நாட்டிற்கு வந்து, உடல்நலங் குன்றியமையால் நெடுநாள் தங்காது தாயகம் மீண்டார். தமிழுக்கு அவர் செய்த தொண்டு ஒன்றும் எமக்குப் புலப்படவில்லை. ஆனால் 1888ஆம் ஆண்டு சென்னையிலே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனே பிற்காலத்தில் சர் ஆர்னால்டு லன் என்று பெயர் பெற்று, இன்று உலகெங்கும் நடைபெறும் மலைச்சரிவு ஸ்கீப் பந்தயங்களுக்கு விதி வகுத்தவன். வெயிலிற் பிறந்த பிள்ளை பனிக்குச் சட்டம் எழுதிய இவ்வியப்பே எம்மை மேலும் படிக்கத் தூண்டிற்று.

தந்தையார் ஊழியத்தை விட்டபின், குளிர்காலத்தில் ஆங்கிலேயரை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் செல்லும் தொழிலை மேற்கொண்டார். அதனால் மகன் இளமை முதலே பனியிற் பழகினான். 1909ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டுக் காடர் இட்ரிஸ் என்னும் மலையில் ஏறும்போது பாறை பெயர்ந்து வீழ்ந்தான். கால் எலும்பு நொறுங்கிற்று. உயிர் பிழைத்தானாயினும், ஒரு கால் மற்றதினும் குட்டையாயிற்று. புண் ஆறப் பல்லாண்டு சென்றது. இருபத்தொரு வயதிலே கால் ஊனமுற்ற அவன் ஸ்கீயைக் கைவிட்டிருப்பின் எவரும் குறை கூறியிரார். அவனோ, அக்காலுடனேயே சரிவுகளில் இறங்கினான், பந்தயங்களையும் வகுத்தான்.

அவன் வகுத்தவற்றுள் இரண்டு தலையாயவை. ஒன்று டௌன்ஹில் என்னும் இறக்கவோட்டம்; மற்றொன்று ஸ்லாலம் என்னும் வளைவோட்டம். இறக்கவோட்டம் மலையின் உச்சியிலிருந்து அடிவாரத்திற்கு விரைந்து வருதல். திருப்பங்கள் சிலவே, மேடு வந்தால் வானிற் பறந்து மீண்டும் நிலத்தில் இறங்கவேண்டும், மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தையும் எய்துவர். ஸ்லாலமோ அதற்கு நேர்மாறு. சரிவில் நாட்டிய கம்பங்களை வாயில்களாகக் கொண்டு, அவற்றினூடே இடமும் வலமுமாக நெளிந்து இறங்கவேண்டும். ஸ்லாலம் என்னும் சொல் நார்வே மொழியினது. அங்கு முன்னரே வழங்கிய பெயர். ஆனால், திரும்பும் அழகைக் கண்டு மதிப்பெண் இடும் பழைய வழக்கத்தை நீக்கி, கடிகாரம் ஒன்றே நடுவர் என்று நிறுத்தியவன் லன். சுவிட்சர்லாந்தின் மூரென் என்னும் மலையூரில் 1922ஆம் ஆண்டு இம்முறையில் முதற் பந்தயம் நடந்தது. திருப்பம் என்பது தடையொன்றைச் சுற்றிச் செல்லுதற்கேயன்றிக் காண்பார் கண்ணுக்கு விருந்தளித்தற்கன்று என்பது அவன் கொள்கை.

இவ்விரண்டையும் தனித்தனியே நடத்தியதோடு அவன் அமையவில்லை. 1928ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோன் என்னும் ஊரில், புகழ்பெற்ற ஸ்கீ ஆசிரியராகிய ஹான்னஸ் ஷ்னைடருடன் கூடி, ஆர்ல்பெர்க் காந்தகார் என்னும் பந்தயத்தைத் தொடங்கினான். அதில் ஒருவரே இறக்கவோட்டமும் ஓடவேண்டும், ஸ்லாலமும் ஓடவேண்டும். இரண்டின் பயனையும் கூட்டி வெற்றியாளரைத் தெரிந்தனர். இதுவே இணைப்பந்தயம்.

இரண்டையும் கூட்டுவது எளிதன்று என்பதற்குக் கட்டைகளே சான்று. இக்காலத்து விதிப்படி, இறக்கவோட்டத்திற்கு ஆடவர் பூணும் கட்டை 218 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. ஸ்லாலத்திற்கு 165 சென்டிமீட்டர் போதும். நீண்டது விரைவில் நிலைகுலையாது நிற்கும். ஆனால் சட்டெனத் திரும்பாது. குறியது நினைத்தவுடன் திரும்பும். ஆனால் கடுவேகத்தில் நடுங்கும். வேகத்தை விரும்புவோன் அஞ்சாமை உடையனாதல் வேண்டும். வளைவை விரும்புவோன் நுணுக்கம் உடையனாதல் வேண்டும். பந்தயத்தின் இரு பகுதிகளுக்கிடையே கட்டையை மாற்றிக்கொள்ளலாம். காலையும் நெஞ்சையும் மாற்றிக்கொள்ள இயலாது.

மலைச்சரிவு ஸ்கீ முதன்முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1936ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், இணைப்பந்தயம் ஒன்றுக்கே பதக்கம் தந்தனர். ஆடவர் இறக்கவோட்டத்தில் முன்வந்தவர் நார்வே நாட்டுப் பிர்கர் ரூட். ஸ்கீத் தாவலில் பெருவீரராகிய அவர் அதே ஒலிம்பிக்கில் தாவலுக்குத் தங்கம் பெற்றவர். எனினும் ஸ்லாலம் முடிந்தபின் இணைப்பந்தயத்தில் அவர் இடம் நான்காயிற்று. தங்கம் ஜெர்மானியராகிய பிரான்ஸ் பினூருக்குச் சென்றது. மகளிர் பந்தயத்தில் கிறிஸ்டல் கிரான்ஸ் என்பார் இறக்கவோட்டத்தில் ஆறாமவராய்ப் பின்தங்கினார். பின்னர் ஸ்லாலத்தில் எல்லோரையும் நெடுந்தொலைவு பின்னிறுத்தித் தங்கம் வென்றார். ஒருவரை அவர்தம் வலிமையைக் கொண்டு மட்டும் மதியாது, வலிமையற்ற பக்கத்தையும் வெளிக்கொணர்ந்து நிறுத்தும் பந்தயம் இது.

இவ்விடத்தில் எம் செய்தியையும் கூறியாக வேண்டும். இன்றேல் இப்பந்தயம் எம் உள்ளத்தை ஏன் பற்றிற்று என்பது விளங்காது. எமக்கு நாவில் ஒரு தடை உண்டு. க, ச, த, ப என்னும் எழுத்துக்களில் தொடங்கும் சொற்கள் நா நுனியில் வந்து நின்றுவிடும், புறம் போகா. இலக்கண ஆசிரியர்கள் வல்லினம் என்று பெயரிட்டது ஓசை நோக்கி. எமக்கோ அது மெய்யாகவே வல்லினம். பள்ளிப் பருவத்திலேயே இதற்கு ஓர் உபாயம் கண்டோம். ஒரு சொல் வாராதெனின் அதன் பொருளுடைய மற்றொரு சொல்லை இடுவோம். கடல் வாராது, ஆழி வரும். பகைவர் வாரார், ஒன்னார் வருவர். கடவுள் என்பதற்கு இறைவன் என்போம். யாம் தமிழ் ஆனர்ஸ் எடுத்தமைக்குத் தமிழ்ப்பற்றே காரணம் என்று பலரிடம் கூறியுள்ளோம். நிகண்டின்பாற் கொண்ட தேவையும் ஒரு காரணம் என்பதை இன்றே முதன்முதல் எழுதுகின்றோம்.

முதலாண்டில், அயலூர்க் கல்லூரி ஒன்றில் தமிழ்ப் போட்டி நடந்தது. முற்பகல் கட்டுரை, பிற்பகல் சொற்பொழிவு, ஒருவரே இரண்டிலும் கலந்துகொள்ளவேண்டும், இரு மதிப்பெண்ணையும் கூட்டிப் பரிசளிப்பர். கட்டுரையில் யாமே முதலிடம் பெற்றோம். பிற்பகற் பொருள், கம்பர் காட்டும் தாயர். மேடையேறி, கம்பர் பெயரைக் கூறாமலே, இராமகாதையின் ஆசிரியர் என்று தொடங்கினோம். கோசலை என்னாது இராமனை ஈன்றாள் என்றோம். இவ்வாறு வாயில்களைச் சுற்றிச் சுற்றி நன்றாகவே ஓடினோம். பின்னர்க் கைகேயி வந்தாள். பரதன் தாய் எனலாம், அதுவும் வல்லெழுத்து. கேகயன் மகள் எனலாம்; அதுவும் அவ்வாறே. தயரதன் தேவி எனின் மூவருள் யாரென்பது விளங்காது. அவை காத்திருந்தது. நா எழவில்லை. சற்று நேரம் நின்று, வணங்கி, இறங்கிவிட்டோம். அன்று இரவு இரயிலில் எவரோடும் பேசவில்லை.

ஸ்லாலத்தின் விதியைப் பின்னாளிற் படித்தபோது அந்நாள் நினைவிற்கு வந்தது. ஒரு வாயிலையேனும் கடவாது விட்டவர், எத்துணை விரைந்து வந்தாராயினும் பந்தயத்தினின்று நீக்கப்படுவர். கட்டையின் நுனி கம்பத்தின் தவறான பக்கத்தே நுழையினும் அவ்வாறே. ஆனால் மெல்லச் சென்றவர் நீக்கப்படார், பின்தங்குவர், அவ்வளவே. யாம் மேடையில் ஓடிய ஓட்டம், நின்றுபோகுமுன்னரே பல வாயில்களை விட்ட ஓட்டம் என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று.

இனிப் பந்தயத்தின் வரலாற்றிற்கு மீள்வோம். 1948ஆம் ஆண்டிற்குப் பின் ஒலிம்பிக்கில் இணைப்பந்தயம் நிறுத்தப்பட்டது. இறக்கவோட்டமும் ஸ்லாலமும் தனித்தனியே பதக்கம் பெற்றன. 1988ஆம் ஆண்டு கனடாவின் கால்கரி நகரில் அது மீண்டும் வந்தது. அவ்வாண்டு இறக்கவோட்டத்தில் தங்கம் வென்றிருந்த சுவிட்சர்லாந்தின் பிர்மின் சுர்பிரிகன், இணைப்பந்தயத்திலும் முன்னணியில் நின்றார். வெற்றி அவர்க்கே என்று காண்போர் எண்ணியிருக்கையில், இறுதி ஸ்லாலத்தில் ஒரு வாயிலிற் சிக்கி வீழ்ந்தார். தங்கம் ஆஸ்திரியாவின் ஹூபர்ட் ஸ்ட்ரோல்ஸ் என்பவர்க்குக் கிட்டிற்று.

மீண்டும் வந்தும் அப்பந்தயம் தழைக்கவில்லை. விரைவோட்டக்காரரும் வளைவோட்டக்காரரும் வெவ்வேறு பயிற்சி, வெவ்வேறு ஊர், வெவ்வேறு உடற்கட்டு என்று பிரிந்துவிட்டனர். இரண்டிலும் உழைப்போர் அருகினர். உலகக் கோப்பைத் தொடரில் 2020ஆம் ஆண்டிற்குப் பின் தனியாள் இணைப்பந்தயம் நடைபெறவில்லை. 2025ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சால்பாக் நகரில் நடந்த உலகப் போட்டியில் அதன் இடத்தைப் புதியதொரு பந்தயம் பெற்றது. ஒரே நாட்டினர் இருவர் சேருவர்; ஒருவர் இறக்கவோட்டம் ஓடுவார், மற்றவர் ஸ்லாலம் ஓடுவார்; இருவர் நேரத்தையும் கூட்டுவர். 2026ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் பட்டியலிலும் இவ்விருவர் பந்தயமே இடம்பெற்றது.

இதனைப் படித்தபோது எமக்கு முதலில் எழுந்தது மகிழ்ச்சியே. ஏனெனில், எம் கல்லூரித் தமிழ் மன்றத்திலும் அதனையொத்த மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. இருவர் சேர்ந்து ஒருவர் எழுத மற்றவர் பேசலாம் என்று விதி செய்தனர். எம் அறைத்தோழர் வெண்கலக் குரலினர். ஆனால் றகர ரகரங்கள் அவரிடம் படும் பாடு சொல்லுந்தரமன்று. "நீர் எழுதும், நான் பேசுகின்றேன்," என்றார். எழுதினோம். வல்லெழுத்துக்கு அஞ்சாமல், க என்றும் ப என்றும் வேண்டியவாறெல்லாம் எழுதினோம். அவர் பேசினார். எம் சொற்கள் தடையின்றி மண்டபத்திற் பரவியதைக் கடைசி வரிசையில் இருந்து கேட்டோம். முதற்பரிசு கிடைத்தது. சால்பாக்கில் அமெரிக்கப் பெண்மணியர் பிரீசி ஜான்சனும் மிகேலா ஷிஃப்ரினும் இவ்வாறே சேர்ந்து தங்கம் வென்றனர். முன்னவர் விரைவில் வல்லவர். பின்னவர் ஸ்லாலத்தில் பெரும்புகழ் உடையவர். சில திங்களுக்கு முன்னரே வீழ்ந்து வயிற்றருகே காயமுற்று மீண்டவர். இருவரும் தழுவிநின்ற காட்சியைத் தோழரின் கைப்பேசியில் இருவருமாகக் கண்டு களித்தோம்.

திருமறை கற்றோர்க்கு இது புதிதன்று. யாத்திராகமத்தில், பார்வோனிடம் செல்லுமாறு கர்த்தர் பணித்தபோது, மோசே தன் நா மந்தமானது என்று முறையிட்டான். கர்த்தர் அவனுக்கு ஆரோனைத் துணையாகத் தந்தார். சொல் ஒருவனுடையது, வாய் மற்றவனுடையது. எமக்குக் கிடைத்த தோழரை யாம் ஆரோன் என்றே எண்ணினோம். இன்றும் அவ்வெண்ணத்தில் மாற்றமில்லை. தனக்கில்லாததைப் பிறர்பாற் பெறுதல் இழிவன்று. திருச்சபை ஓருடம்பின் பல உறுப்புக்கள் என்று கற்றவர்களல்லவா நாம்?

ஆயினும் பரிசு பெற்ற அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. கைதட்டல் கேட்டபோது மகிழ்ச்சியின் அடியில் சிறியதொரு நோவும் இருந்தது. அதன் காரணத்தை அறிந்தது ஜொஹான்னஸ் ஸ்ட்ரோல்ஸ் என்பவரைப் பற்றிப் படித்தபோது. முன்னே கூறிய ஹூபர்ட் ஸ்ட்ரோல்ஸின் மகன் அவர். 2021ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுக் குழுவினின்று நீக்கப்பட்டார். காவல்துறைப் பணியும் வீட்டுப் பண்ணையுமாக இருந்துகொண்டே, தம் கட்டைகளுக்குத் தாமே மெழுகு தேய்த்துப் பயின்றார். 2022ஆம் ஆண்டு சனவரியில், சுவிட்சர்லாந்தின் அடெல்போடன் நகரில் ஸ்லாலம் ஒன்றை வென்று மீண்டும் இடம் பெற்றார். மறுமாதம் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இணைப்பந்தயத்தில், இறக்கவோட்டம் முடிந்தபோது அவர் முதல்வரல்லர். அவரினும் விரைவுடையார் முன்னின்றனர். அவர் தமக்கு வன்மை குறைந்த பகுதியைத் தாமே ஓடி முடித்து, பெரிதும் பின்தங்காமல் தாங்கிக்கொண்டார். பின்னர் ஸ்லாலத்தில் எல்லோரினும் விரைந்தார். தந்தை வென்ற அதே பந்தயத்தை 34 ஆண்டுகளுக்குப் பின் மகன் வென்றார். இருவர் பந்தயமாக இருந்திருப்பின் இறக்கவோட்டத்தை வேறொருவர் ஓடியிருப்பர். குழு வென்றிருக்கலாம். ஆனால் அவர் அம்மலையிற் பயந்தும் தாங்கியும் இறங்கிய இறக்கம் இல்லாது போயிருக்கும்.

எம் நோவும் இதுவே. ஆரோனைப் பெற்றதில் குறையில்லை. ஆரோனைப் பெற்றபின் மோசே பேசுதலையே விட்டுவிட்டானோ என்பதே வினா. விடவில்லை. உபாகமம் என்னும் நூலின் பெரும்பகுதி அவன் தன் வாயால் மக்களுக்கு உரைத்தது. அவன் நா அப்போது விரைந்ததோ தயங்கியதோ, நூல் கூறவில்லை. உரைத்தான் என்று மட்டும் கூறுகின்றது.

எம் விடுதியில் மாலை வழிபாட்டிற்கு மாணாக்கர் முறைவைத்து வேதபாடம் வாசிப்பது வழக்கம். எம் பெயரை விடுதித் தலைவர் இரக்கத்தால் இரண்டு ஆண்டுகளாக அவ்வரிசையிற் சேர்க்கவில்லை, யாமும் நினைவூட்டவில்லை. பரிசு பெற்ற மறுவாரம் சென்று, எம் பெயரையும் சேர்க்குமாறு வேண்டினோம். அவர் எம் முகத்தைச் சற்று நோக்கிவிட்டு எழுதிக்கொண்டார். அம்மாதத்து வாசிப்பு உபாகமமாக இருந்தது. எமக்கு வந்த நாளுக்குரியது அதன் முதல் அதிகாரத்தின் தொடக்கம். அறைக்குச் சென்று திறந்து பார்த்தோம். முதல் இரண்டு வசனங்களிலேயே பாரான், தோப்பேல், திசாகாப், காதேஸ்பர்னேயா என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக நின்றன. ஊர்ப்பெயர்க்கு நிகண்டு இல்லை. வேதத்தில் ஒரு சொல்லுக்கு மறுசொல் இடுவதும் தகாது. இத்துணை நெருக்கமாகக் கம்பங்கள் நாட்டிய சரிவு மூரெனிலும் இருந்திராது என்று நகைத்துக்கொண்டோம்.

அம்மாலை எழுந்து நின்று வாசித்தோம். பாரானில் நின்றோம். மீண்டும் தொடங்கினோம். தோப்பேலில் அதனினும் நீண்ட நேரம் நின்றோம். முன்வரிசையில் ஒருவர் இருமினார், ஒருவரும் நகைக்கவில்லை. அறைத்தோழர் தலைகுனிந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்; அச்சொல் அவர் வாயிற் சித்தமாக இருந்ததை யாம் அறிவோம்; எடுத்துக்கொடுக்காதிருந்தார். அன்று அவர் செய்த உதவியுள் பெரிது அதுவே. காதேஸ்பர்னேயாவைக் கடந்தபோது நெற்றி வியர்த்திருந்தது. பிறர் நான்கு நிமிடத்தில் முடிக்கும் பகுதிக்கு எமக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. கடிகாரத்தைக் கேட்பின் அன்று வாசித்தோருள் யாமே கடையர். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒன்றையும் விடவில்லை.

பந்தயங்கள் மாறும், விதிகளும் மாறும். ஒருவரே இரண்டையும் ஓடும் அப்பந்தயம் இனி எங்கேனும் மீண்டும் தழைக்குமோ, அறியோம். சென்னையிற் பிறந்த, ஒரு கால் குட்டையான மனிதர் ஒருவர் அதனை நிறுவினார் என்பதை மட்டும் மறவாதிருப்போம். இவ்வாண்டும் மன்றத்துப் போட்டிக்கு எம் அறைத்தோழரோடு சேர்ந்தே செல்வோம். அவர் பேசுவார், யாம் எழுதுவோம். விடுதித் தாழ்வாரத்துப் பலகையில் அடுத்த மாதத்து வேதபாட வரிசையை ஒட்டியுள்ளனர். எம் பெயர் பதினேழாம் நாளுக்கு நேரே உளது.